‘ஓன்லி’ எங்கே வரும், எங்கே வராது: ஆங்கிலத்தில் ‘தான்’ சொல்ல முயல்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

‘ஓன்லி’ என்றால் ‘மட்டும்’. அகராதியே சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது?

அகராதி சொல்வது சரி. ஆனால் நாம் ஆங்கிலம் பேசும்போது ‘மட்டும்’ வரும் இடத்தோடு நிற்பதில்லை. ‘தான்’ வரும் இடத்திலெல்லாம் ‘ஓன்லி’யைக் கொண்டுபோய் வைக்கிறோம். ‘அவன் அப்படித்தான்’ என்பது ‘ஹி இஸ் லைக் தட் ஓன்லி’ ஆகிறது. ‘உங்க ஃபைல் என்கிட்டதான் இருக்கு’ என்பது ‘யுவர் ஃபைல் இஸ் வித் மீ ஓன்லி’ ஆகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இதைப் புரிந்துகொள்ள ஆங்கில இலக்கணத்தைவிட நம் நன்னூலே அதிகம் உதவும். ஏகார இடைச்சொல்லுக்கு நன்னூல் ஆறு பொருள் சொல்கிறது: பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை. இதில் நமக்கு வேண்டியவை பிரிநிலையும் தேற்றமும். ‘அவருள் இவனே கள்வன்’ என்றால் ஒரு கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்து, மற்றவர்களை விலக்கிவிடுகிறோம். அது பிரிநிலை. ‘நிச்சயம் வருவேனே’ என்றால் யாரையும் விலக்கவில்லை, சொன்னதை உறுதிப்படுத்துகிறோம். அது தேற்றம். இன்றைய பேச்சில் இந்த இரண்டு வேலையையும் ‘தான்’ செய்கிறது. ஆங்கிலத்தின் ‘ஓன்லி’ பிரிநிலைச் சொல். பொது ஆங்கிலத்தில் அது தேற்றத்துக்கு வராது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பவை.

என் வாக்கியத்தில் இருக்கும் ‘தான்’ பிரிநிலையா, தேற்றமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘தான்’-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘மட்டும்’ போட்டுப் பாருங்கள். பொருள் மாறாவிட்டால் ‘ஓன்லி’ போடலாம். மாறினால் போடக்கூடாது.

‘கையில் ஐம்பது ரூபாய்தான் இருக்கிறது.’ ‘ஐம்பது ரூபாய் மட்டும் இருக்கிறது’ என்றாலும் அதே பொருள். எனவே ‘ஐ ஹேவ் ஓன்லி ஃபிஃப்டி ருபீஸ்’ சரி.

போனை எடுத்ததும் ‘யாரு?’ என்று கேட்கிறார்கள். ‘நான்தான் பேசுறேன்’ என்கிறோம். இதை ‘நான் மட்டும் பேசுறேன்’ என்று மாற்றினால் கேட்பவர் திகைப்பார். ஆகவே ‘ஐ ஓன்லி’ கூடாது. ‘இட்ஸ் மீ’ என்பதே ஆங்கிலம். நம்மைப் பெயர் சொல்லி யாராவது கேட்டால் ‘ஸ்பீக்கிங்’ என்ற ஒரு சொல் போதும்.

‘இந்தக் கடையில்தான் வாங்கினேன்’ என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். வேறெங்கும் வாங்கவில்லை என்பது கருத்தானால் பிரிநிலை. ‘எங்கே வாங்கினாய்?’ என்ற கேள்விக்குக் கடையைச் சுட்டிக்காட்டும் பதிலானால் தேற்றம். பேசும்போது நமக்கு இந்த ஐயம் வருவதே இல்லை, சூழல் தீர்த்துவிடும். மொழிபெயர்க்கும்போதுதான் நின்று யோசிக்க வேண்டும்.

நேரத்தைக் குறிக்கும் சொற்களுக்கு இந்தச் சோதனை உதவாது. அவற்றுக்குத் தனிப் பதில் கீழே இருக்கிறது.

தேற்றப் பொருளில் வரும் ‘தான்’-ஐ ஆங்கிலத்தில் எப்படித்தான் சொல்வது?

ஒற்றைச் சொல் கிடையாது. ஆங்கிலம் அந்த வேலையைப் பல வழிகளில் செய்கிறது. எந்தச் சொல்லோடு ‘தான்’ ஒட்டியிருக்கிறது என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆளோடு ஒட்டினால் ‘த வன் ஹூ’ என்று பிரித்துச் சொல்வது இயல்பு. ‘நான்தான் கதவைப் பூட்டினேன்’ என்பதற்கு ‘ஐ ஆம் த வன் ஹூ லாக்ட் த டோர்’ அல்லது ‘இட் வாஸ் மீ ஹூ லாக்ட் த டோர்’. இதையே ‘ஐ ஓன்லி லாக்ட் த டோர்’ என்றால் ‘கதவை மட்டும்தான் பூட்டினேன், வேறொன்றும் செய்யவில்லை’ என்று காதில் விழும். ஏதாவது காணாமல் போன வீட்டில் இப்படிச் சொன்னால், பொறுப்பை ஏற்கப்போன வாக்கியம் பழியைத் தட்டிக்கழிக்கும் வாக்கியமாகிவிடும்.

இடத்தோடு ஒட்டினால் ‘ரைட்’ வரும். ‘இங்கேதான் இருக்கேன்’ என்பது ‘ஐ ஆம் ரைட் ஹியர்’. ‘பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்லதான்’ என்பது ‘ரைட் ஆப்போசிட் த பஸ் ஸ்டாண்ட்’.

‘அதேதான்’, ‘அன்னைக்கேதான்’ போன்றவற்றுக்கு ‘வெரி’ உண்டு. ‘த வெரி சேம் டே’ என்றால் அன்றைக்கேதான். ‘எக்ஸாக்ட்லி’யும் பொருந்தும்: ‘அதைத்தான் நானும் சொன்னேன்’ என்பது ‘தட்ஸ் எக்ஸாக்ட்லி வாட் ஐ செட்’.

குணத்தைச் சொல்லும் ‘அவன் அப்படித்தான்’ என்பதற்கு ‘தட்ஸ் ஹவ் ஹி இஸ்’ அல்லது ‘தட்ஸ் ஜஸ்ட் ஹவ் ஹி இஸ்’.

வினையோடு ஒட்டும் ‘தான்’-க்குத் துணைவினையை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘சொன்னேன்தானே’ என்பது ‘ஐ டிட் டெல் யூ’. இதில் ‘டிட்’ மீது குரல் ஏறும். ‘நல்லாத்தான் இருக்கு’ என்பது ‘இட் இஸ் குட்’, அழுத்தம் ‘இஸ்’ மீது. ‘வந்துதான் ஆகணும்’ என்பதற்கு ‘யூ ஹேவ் டு கம்’ போதும். கட்டாயத்தை ‘ஹேவ் டு’ தாங்கிவிடும்.

பல இடங்களில் ‘தான்’-ஐ மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவதே சரியான மொழிபெயர்ப்பு. ‘உங்க ஃபைல் என்கிட்டதான் இருக்கு’ என்பதற்கு ‘ஐ ஹேவ் யுவர் ஃபைல்’ என்றால் முடிந்தது. ‘வித் மீ ஓன்லி’ என்று எழுதிவிட்டால், வெளிநாட்டில் இருப்பவர் ‘வேறு யாரிடமும் பிரதி இல்லை போலிருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் ‘லைக் தட் ஓன்லி’ என்று பேசுகிறோமே. அது தவறா?

நாம் நமக்குள் பேசும்போது அது வேலை செய்கிறது. இந்தி பேசுகிறவர்களும், நம் ‘தான்’ போலவே வேலை செய்யும் தங்கள் ‘ஹீ’ என்ற சொல்லை இதே ‘ஓன்லி’யில் ஏற்றுகிறார்கள். அதனால் சென்னைக்காரர் சொல்வது தில்லிக்காரருக்குப் புரிகிறது. இந்திய ஆங்கிலத்தின் ஒரு கூறாக மொழியியலாளர்கள் இதைக் குறித்தும் வைத்திருக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் எங்கே தவிர்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். தேர்வுத் தாளில் பிழையாகக் குறிக்கப்படும். வேறு நாட்டவருக்கு எழுதும் மின்னஞ்சலில் அது வெறும் நடைக்குறையாக நிற்காது, பொருளையே மாற்றிவிடும். ‘வி டெஸ்டட் த பேமென்ட் பேஜ் ஓன்லி’ என்று எழுதுகிறோம். ‘பேமென்ட் பேஜைத்தான் டெஸ்ட் பண்ணினோம், நீங்கள் சொன்ன வேலையைச் செய்துவிட்டோம்’ என்பது நம் மனதில் இருப்பது. படிப்பவருக்கு அது ‘பேமென்ட் பேஜை மட்டும் பார்த்தோம், மற்றதைத் தொடவில்லை’. அடுத்த மின்னஞ்சலில் ‘ஏன் மற்றதைப் பார்க்கவில்லை?’ என்ற கேள்வி வரும். நாம் எதற்கு இந்தக் கோபம் என்று தெரியாமல் விழிப்போம்.

‘நேற்றுதான் வந்தேன்’, ‘பத்து மணிக்குத்தான் திறப்பார்கள்’. நேரத்தோடு வரும் ‘தான்’-க்கு ‘ஓன்லி’ போடலாமா?

மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. நேரத்தோடு வரும் ‘தான்’ இரண்டு நேரெதிர் உணர்வுகளைச் சொல்லும். ஒன்று ‘இவ்வளவு அண்மையில்’, மற்றது ‘இவ்வளவு தாமதமாக’.

‘நேற்றுதான் வந்தேன், அதற்குள் கிளம்பச் சொல்கிறாயே’ என்பதில் அண்மை இருக்கிறது. இதற்கு ‘ஓன்லி’ பொருந்தும், வினைக்கு முன்னால்: ‘ஐ ஓன்லி கேம் யெஸ்டர்டே’. ‘ஐ கேம் யெஸ்டர்டே ஓன்லி’ என்று கடைசியில் வைப்பது நம் ஊர் வழக்கம். ‘இப்போதுதான் வந்தேன்’ என்றால் ‘ஐ ஹேவ் ஜஸ்ட் கம்’ அல்லது ‘ஐ ஹேவ் ஓன்லி ஜஸ்ட் அரைவ்ட்’. ‘மணி ஐந்துதான் ஆகிறது’ என்பதும் இந்த வகை: ‘இட்ஸ் ஓன்லி ஃபைவ் ஓ கிளாக்’.

‘ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறப்பார்கள், இப்போதே போய் என்ன செய்வது’ என்பதில் தாமதம் இருக்கிறது. ஆங்கிலம் இங்கே எதிர்மறையில் பேசும்: ‘த ஆபீஸ் டஸ்ன்ட் ஓபன் அன்டில் டென்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பத்து வரை திறக்காது’. நமக்கு இது சுற்றி வளைப்பதுபோல் தோன்றும், ஆனால் அவர்களுக்கு இதுவே நேர்வழி. ‘த ஆபீஸ் ஓபன்ஸ் அட் டென் ஓன்லி’ என்றால் பத்து மணிக்கு என்பது புரியும், அதில் இருக்கும் ‘அதுவரை காத்திருக்க வேண்டும்’ என்ற எச்சரிக்கை போய்ச் சேராது.

அதனால் நேரச் சொல்லோடு ‘தான்’ வந்தால் உங்களையே கேளுங்கள்: அதற்குள்ளாகவா என்கிறேனா, அதுவரை இல்லை என்கிறேனா? முதலாவதற்கு ‘ஓன்லி’, இரண்டாவதற்கு ‘நாட் அன்டில்’. ‘அப்பா எட்டு மணிக்குத்தான் வருவார்’ என்பது ‘அப்பா வோன்ட் பி ஹோம் அன்டில் எய்ட்’. ‘போன வாரம்தான் தெரிந்தது’ என்பது இரண்டாகவும் இருக்கலாம்: புதுச் செய்தி என்றால் ‘ஐ ஓன்லி ஹேர்ட் லாஸ்ட் வீக்’, இத்தனை நாள் சொல்லவே இல்லையே என்ற குறை என்றால் ‘ஐ டிடின்ட் ஹியர் அன்டில் லாஸ்ட் வீக்’.

இலங்கைத் தமிழருக்கு இங்கே ஒரு கூடுதல் கண்ணி உண்டு. யாழ்ப்பாணப் பேச்சில் ‘பத்து மணிமட்டும் இருந்தனான்’ என்றால் பத்து மணிவரை இருந்தேன் என்று பொருள். அந்த ‘மட்டும்’ ‘ஓன்லி’ ஆகாது, ‘அன்டில்’ ஆகும்.

வாக்கியத்தில் ‘ஓன்லி’யை எங்கே வைப்பது?

எழுத்தில், எந்தச் சொல்லைக் கட்டுப்படுத்துகிறதோ அதற்கு ஒட்டி முன்னால். ‘மீனா கேவ் ரவி டென் ருபீஸ்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘மீனா ரவிக்குப் பத்து ரூபாய் கொடுத்தாள்.’

‘ஓன்லி மீனா கேவ் ரவி டென் ருபீஸ்’ என்றால் மீனா மட்டும் கொடுத்தாள், மற்றவர்கள் கொடுக்கவில்லை. ‘மீனா கேவ் ஓன்லி ரவி டென் ருபீஸ்’ என்றால் ரவிக்கு மட்டும். ‘மீனா கேவ் ரவி ஓன்லி டென் ருபீஸ்’ என்றால் பத்தே பத்து ரூபாய். தமிழில் ‘மட்டும்’ சொல்லுக்குப் பின்னால் ஒட்டும், ஆங்கிலத்தில் ‘ஓன்லி’ சொல்லுக்கு முன்னால் வரும். நம் ‘ஓன்லி’ வாக்கியத்தின் கடைசிக்கு ஓடுவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

நான்காவதாக ‘மீனா ஓன்லி கேவ் ரவி டென் ருபீஸ்’ என்றும் சொல்லலாம். பேச்சில் மிக அதிகம் கேட்பது இதுதான். இங்கே பொருளைத் தீர்மானிப்பது குரல். ‘ரவி’யை அழுத்தினால் ரவிக்கு மட்டும், ‘டென்’னை அழுத்தினால் பத்து மட்டும். காகிதத்தில் குரல் இல்லை என்பதால் எழுத்தில் மட்டுமே குழப்பம்.

இதைப் பற்றிய வாதம் பழையது. 1762-இல் வெளிவந்த தன் ஆங்கில இலக்கண நூலில் ராபர்ட் லோத் என்பவர், மூன்று சொல் மட்டும் பேசினேன் என்பவர் ‘ஓன்லி’யை ‘த்ரீ’க்கு முன்னால் வைக்க வேண்டும், வினைக்கு முன்னால் வைக்கலாகாது என்றார். 1926-இல், ஆங்கிலச் சொல்வழக்கைப் பற்றிய தன் அகராதியில் ஃபவுலர் என்பவர், பொருள் குழம்பாத இடத்தில் வினைக்கு முன் வைப்பதே ஆங்கிலத்தின் இயல்பு, அதைத் திருத்திக்கொண்டு திரிவது வீண் என்றார். நாங்கள் ஃபவுலர் பக்கம். ‘ஐ ஓன்லி வான்ட் எ காஃபி’ என்று ஒருவர் சொன்னால் அவரைத் திருத்த வேண்டாம்.

விதிவிலக்கு, குழம்பினால் கேடு வரும் இடங்கள். ஒரு மருந்துச் சீட்டில் ‘டேக் டூ டேப்லெட்ஸ் ஓன்லி ஆஃப்டர் ஃபுட்’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத்திரைக்கு மேல் போடாதே என்பதா? சாப்பிடாமல் போடாதே என்பதா? ‘ஓன்லி’ நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறது. ‘டேக் டூ டேப்லெட்ஸ். டேக் தெம் ஓன்லி ஆஃப்டர் ஃபுட்’ என்று இரண்டு வாக்கியமாக உடைத்தால் தீர்ந்தது. ஒப்பந்தம், மருந்து, இயந்திரக் குறிப்பு எதுவானாலும் ‘ஓன்லி’க்கு இரண்டு பக்கமும் எண்ணோ நிபந்தனையோ இருந்தால் உடைத்து எழுதுங்கள்.

‘ஓன்லி’யில் வாக்கியம் தொடங்கினால் வினை இடம் மாறும் என்கிறார்கள். எப்போது மாறும்?

‘ஓன்லி’ எழுவாயைக் கட்டுப்படுத்தினால் மாறாது. ‘ஓன்லி ரவி கேம்’ அப்படியே நிற்கும். ‘ஓன்லி’ ஒரு நேரத்தையோ இடத்தையோ நிபந்தனையையோ பிடித்துக்கொண்டு முன்னால் வந்தால், கேள்வி வாக்கியத்தில் மாறுவதுபோல் துணைவினை எழுவாய்க்கு முன்னால் வரும். ‘அப்போதுதான் எனக்குப் புரிந்தது’ என்பது ‘ஓன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்’. துணைவினை இல்லாவிட்டால் ‘டு’, ‘டஸ்’, ‘டிட்’ கொண்டுவர வேண்டும், பிறகு வினை அடிவடிவில் இருக்க வேண்டும். ‘டிட் ஐ அண்டர்ஸ்டுட்’ என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே வாங்கிக்கொண்டுவிட்டது.

இரண்டு உட்பிரிவு இருந்தால் மாற்றம் முதன்மைப் பிரிவில்தான் நடக்கும். ‘மழை விட்ட பிறகுதான் கிளம்பினோம்’: ‘ஓன்லி ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்ட் டிட் வி லீவ்’. ‘த ரெயின் ஸ்டாப்ட்’ என்பதில் கைவைக்கக் கூடாது. நடுவில் காற்புள்ளியும் வேண்டாம்.

நுட்பமான ஒன்று: அண்மையைச் சொல்லும் ‘ஓன்லி யெஸ்டர்டே’ முன்னால் வந்தாலும் வினை மாறாது. ‘நேற்றுதான் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்’ என்பது ‘ஓன்லி யெஸ்டர்டே ஹி வாஸ் லாஃபிங் வித் அஸ்’. மேலே சொன்ன அண்மை, தாமதம் என்ற வேறுபாடு இங்கேயும் வேலை செய்வதைப் பாருங்கள்.

இதெல்லாம் எழுத்து நடை. பேசும்போது ‘ஐ அண்டர்ஸ்டுட் ஓன்லி தென்’ என்று போய்விடலாம்.

‘நாட் ஓன்லி… பட் ஆல்சோ’வில் என்ன தவறு வருகிறது?

இரண்டு தவறு. ஒன்று, முன்னால் வைத்துவிட்டு வினையை மாற்ற மறப்பது. ‘நாட் ஓன்லி ஹி இஸ் லேட்’ தவறு, ‘நாட் ஓன்லி இஸ் ஹி லேட்’ சரி. இன்னொன்று, இரண்டு கையிலும் வெவ்வேறு வகைச் சொல்லைக் கொடுப்பது. ‘நாட் ஓன்லி’க்குப் பின் பெயர்ச்சொல் வந்தால் ‘பட் ஆல்சோ’வுக்குப் பின்னும் பெயர்ச்சொல். ‘ஷி ஸ்பீக்ஸ் நாட் ஓன்லி தமிழ் பட் ஆல்சோ தெலுகு’ சரி. ‘ஷி நாட் ஓன்லி ஸ்பீக்ஸ் தமிழ் பட் ஆல்சோ தெலுகு’ என்றால் தராசு சாய்ந்துவிட்டது.

‘ஓன்லி இஃப்’, ‘இஃப் ஓன்லி’ இரண்டும் ஒன்றா?

இல்லவே இல்லை.

‘ஓன்லி இஃப்’ என்பது நிபந்தனை, நம் ‘-ஆல்தான்’. ‘பணம் கட்டினால்தான் ரசீது தருவார்கள்’: ‘தே வில் கிவ் யூ எ ரிசீட் ஓன்லி இஃப் யூ பே’. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ‘யூ கேன் வோட் ஓன்லி இஃப் யூ ஆர் எய்ட்டீன்’ என்றால், 18 நிறையாதவர் வாக்களிக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. 18 நிறைந்த எல்லோரும் வாக்களிக்கலாம் என்று அது சொல்லவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயரும் இருக்க வேண்டுமே. ‘இஃப்’ மட்டும் இருந்தால் ‘இது போதும்’, ‘ஓன்லி இஃப்’ இருந்தால் ‘இது இல்லாமல் ஆகாது’. உதவித்தொகை, விசா, காப்பீட்டு விதிகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை விரல் வைத்துப் படியுங்கள்.

‘இஃப் ஓன்லி’ என்பது ஏக்கம். ‘நீ மட்டும் அன்றைக்கு வந்திருந்தால்!’ என்கிறோமே, அதேதான்: ‘இஃப் ஓன்லி யூ ஹேட் கம் தட் டே’. தமிழிலும் ‘மட்டும்’ அந்த ஏக்கத்தைச் சுமக்கிறது என்பது ஓர் அழகான பொருத்தம். நடந்து முடிந்ததற்கு ‘ஹேட்’ சேர்ந்த வினை. இப்போது இல்லாததற்கு இறந்தகால வடிவம்: ‘இஃப் ஓன்லி ஐ ஹேட் எ பைக்’, அதாவது இப்போது பைக் இல்லை. இனி நடக்காதா என்ற ஆசைக்கு ‘வுட்’: ‘இஃப் ஓன்லி இட் வுட் ரெயின்’, ஒரு மழை பெய்யக்கூடாதா.

‘நான் மட்டும் வந்தேன்’ என்பதற்கு ‘ஓன்லி ஐ கேம்’ சரிதானே?

யார் என்ன கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது. ‘கூட்டத்துக்கு யாரெல்லாம் வந்தீங்க?’ என்ற கேள்விக்குப் பதிலானால் சரி. மற்றவர்கள் வரவில்லை என்று பொருள். ‘வீட்ல எல்லாரும் வந்திருக்கீங்களா?’ என்று உறவுக்காரர் வாசலில் கேட்க, ‘இல்ல அத்தை, நான் மட்டும்தான் வந்தேன்’ என்றால் அங்கே ‘தனியாக’ என்பதுதான் கருத்து. அதற்கு ‘ஐ கேம் அலோன்’ அல்லது ‘இட்ஸ் ஜஸ்ட் மீ’. ஒருவர் தனியாகவும் வரலாம், அன்று அதேபோல் தனியாக இன்னும் நாலு பேரும் வரலாம். ‘ஓன்லி’ பிறரை விலக்குகிறது, ‘அலோன்’ துணையை விலக்குகிறது.

‘ஒரே மகன்’ என்பதை எப்படிச் சொல்வது?

‘மை ஓன்லி சன்’. இங்கே ‘ஓன்லி’ பெயரடை. ‘சிங்கிள் சன்’ என்றால் ஆங்கிலக் காதில் ‘மணமாகாத மகன்’ என்றும் விழும். உடன்பிறந்தார் இல்லாதவர் ‘ஐ ஆம் அன் ஓன்லி சைல்ட்’ என்பார். உயிரொலியில் தொடங்குவதால் ‘அன்’. ‘ஓன்லி வன்’ என்றால் ‘ஒன்றே ஒன்று’, ‘த ஓன்லி வன்’ என்றால் ‘இருப்பது அது ஒன்றுதான்’. அந்த ‘த’-வை விட்டால் பொருள் கெட்டுவிடும்.

‘ஓன்லி டு’, ‘ஓன்லி டூ’, ‘ஓன்லி ஜஸ்ட்’ என்றெல்லாம் வருகிறதே?

நாளிதழ்களில் ‘ஹி ரேன் டு த ஸ்டேஷன், ஓன்லி டு ஃபைண்ட் த டிரெயின் கான்’ போன்ற வாக்கியங்களைப் பார்த்திருப்பீர்கள். ‘ரயில் போய்விட்டதைக் காண்பதற்காக மட்டும் ஓடினான்’ என்று பொருள் கொள்ளக்கூடாது. ‘ஓடிப்போய்ப் பார்த்தால் ரயில் போய்விட்டிருந்தது’ என்பதே பொருள். ஏமாற்றத்தைச் சொல்லும் அமைப்பு இது.

நெட்டொலியோடு வரும் ‘டூ’ வேறு. ‘ஐ வுட் பி ஓன்லி டூ கிளாட் டு ஹெல்ப்’ என்றால் ‘உதவ மிகவும் மகிழ்ச்சி’. இங்கே ‘ஓன்லி’ குறைக்கவில்லை, கூட்டுகிறது. ‘ஓன்லி ஜஸ்ட்’ நூலிழையில் தப்பியதற்கு வரும். 35 எடுத்துத் தேறியவர் ‘ஐ ஓன்லி ஜஸ்ட் பாஸ்ட்’ என்பார்.

‘ஆனால்’ என்ற பொருளிலும் பேச்சில் வரும்: ‘ஐ வுட் கம், ஓன்லி ஐ ஹேவ் நோ லீவ்’. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள். கட்டுரையில் ‘பட்’ போடுங்கள்.

செக்கில் தொகைக்குப் பின்னால் ‘ஓன்லி’ ஏன்? எழுதாவிட்டால் செல்லாதா?

‘ருபீஸ் ஃபைவ் தௌசண்ட்’ என்று எழுதி இடம் விட்டால், பின்னால் யாராவது ‘நைன் ஹண்ட்ரட்’ சேர்த்துவிடலாம். அதை அடைக்க ‘ஓன்லி’, தமிழில் எழுதினால் ‘மட்டும்’. எழுத்தும் எண்ணும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் சொல்வதால் எழுத்து வரிக்குக் காவல் தேவை. ஆனால் ‘ஓன்லி’ எழுதவேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக மிச்ச இடத்தில் ஒரு கோடு இழுத்தாலும் காவல்தான்.

செக்கிலும் ‘லேடீஸ் ஓன்லி’, ‘ஸ்டாஃப் ஓன்லி’ போன்ற பலகைகளிலும் ‘ஓன்லி’ கடைசியில் வருவது பொது ஆங்கிலத்துக்கும் உடன்பாடு. நாம் தினமும் பார்க்கும் ‘ஓன்லி’ இவைதான் என்பதால், முழு வாக்கியத்திலும் அதைக் கடைசியில் வைப்பது கண்ணுக்குப் பழகிவிடுகிறது.

எப்படி உச்சரிப்பது? ‘வன்’ என்ற சொல்லோடு தொடர்புண்டா?

‘ஓன்-லி’, ஈரசை, முதலசையில் அழுத்தம், ‘ஓ’ நெடில். பேச்சுத் தமிழில் சொல் முதலில் வரும் ஒகரத்துக்கு ஒரு வகரம் ஒட்டும், ‘ஒண்ணு’ என்பது ‘வொண்ணு’ போல் ஒலிக்கும். அது ‘வோன்லி’ என்று ஆங்கிலத்திலும் புகுந்துவிடுகிறது. உதட்டைக் குவித்துத் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடர்பு உண்டு. பழைய ஆங்கிலத்தின் ‘ஆன்’, அதாவது ஒன்று, அதோடு ‘-போன்ற’ என்று பொருள்படும் ‘லிக்’ சேர்ந்து வந்தது ‘ஓன்லி’. ‘அலோன்’ என்பதும் ‘ஆல்’, ‘வன்’ இரண்டும் ஒட்டியதே. பிற்காலத்தில் ‘வன்’ மட்டும் முன்னால் வகர ஒலியை வாங்கிக்கொண்டது. ‘ஓன்லி’யும் ‘அலோன்’னும் பழைய ஒலியிலேயே நின்றுவிட்டன. ‘ஒன்று’, ‘ஒரே’ என்று நம்மிடம் இருப்பதுபோலத்தான்.

எப்படிப் பழகுவது?

உங்கள் வாட்ஸ்அப் உரையாடலிலிருந்து ‘தான்’ வரும் இருபது வாக்கியங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: ‘மட்டும்’ போட்டால் நிற்கிறதா, நேரமா, இரண்டும் இல்லாத தேற்றமா. முதல் வகைக்கு ‘ஓன்லி’யை உரிய சொல்லுக்கு முன்னால் வைத்து எழுதுங்கள். நேரத்தை அண்மை, தாமதம் என்று பிரித்து ‘ஓன்லி’யோ ‘நாட் அன்டில்’லோ போடுங்கள். தேற்றத்துக்கு, முதலில் ‘தான்’ இல்லாமலே ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். அது போதாது என்று தோன்றினால் மட்டும் ‘த வன் ஹூ’, ‘ரைட்’, ‘எக்ஸாக்ட்லி’ என்று தேடுங்கள்.

மின்னஞ்சல் எழுதுகிறவர்கள் அனுப்பும் முன் ‘ஓன்லி’ என்று தேடிப் பாருங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லாக அது நின்றால், அதை அழித்துவிட்டு ஒரு முறை படியுங்கள். சொல்ல வந்தது அப்படியே இருந்தால், அழித்தது அழித்ததாகவே இருக்கட்டும்.